பதற்றத்தோடு மல்லுக்கட்டாமல் வாழ்வது எப்படி: ஏற்பு–உறுதிப்பாட்டுச் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியனுப்ப, அன்றிலிருந்து மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்த போதெல்லாம் குரங்கே வந்து நின்றதாக ஒரு நோயாளியின் கதை நம் வீடுகளில் வழங்கிவருகிறது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் ஏறத்தாழ இதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லி, மீறி நினைவு வந்தால் மணியை அடிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிடத்துக்குள் மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. அதைவிடக் கவனிக்கத்தக்கது பிறகு நடந்ததுதான்: ‘இனிமேல் தாராளமாக நினைக்கலாம்’ என்று அனுமதி கொடுத்தபோது, முதலில் அடக்கிவைத்தவர்கள், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் அதிகமாகக் கரடியை நினைத்தார்கள்.

மனத்தில் பயமோ கவலையோ குடிகொண்டிருப்பவரிடம் நாம் முதலில் சொல்லும் அறிவுரை, “அதையே நினைத்துக்கொண்டிருக்காதே” என்பது. அன்போடு சொல்லப்படும் அந்த அறிவுரை ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்ற கேள்வியிலிருந்துதான் ஏற்பு–உறுதிப்பாட்டுச் சிகிச்சை தொடங்குகிறது. Acceptance and Commitment Therapy என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘ஆக்ட்’ என்று ஒரே சொல்லாக அழைக்கிறார்கள். ‘செயல்படு’ என்ற பொருளும் அதற்குள் இருப்பதால், எழுத்தெழுத்தாக உச்சரிப்பதில்லை.

இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஸ்டீவன் ஹேய்ஸ். 1978ஆம் ஆண்டில், இளம் உளவியல் பேராசிரியராக இருந்த அவர், துறைக் கூட்டமொன்றில் மற்ற பேராசிரியர்கள் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது பேச வாய் திறந்தார், குரல் எழவில்லை. அதுவே அவருடைய முதல் பீதித் தாக்குதல், அதாவது திடீரென்று பெருகி உடலையே ஆட்டிவைக்கும் பயம். அடுத்து வந்த ஆண்டுகளில், பயம் வராமல் தடுக்க அவர் எடுத்த ஒவ்வொரு முயற்சியும் பயத்தையே வளர்த்தது என்பதை அவரே பொதுமேடைகளில் விவரித்திருக்கிறார். 1980களில் இச்சிகிச்சையின் ஆரம்ப வடிவம் உருவானது. 1999ஆம் ஆண்டில் கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் இதை முழுமையாக முன்வைத்தது.

‘ஏற்பு’ என்ற சொல்லைப் பற்றி இங்கேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. நம் பேச்சில் ‘ஏற்றுக்கொள்’ என்பதற்கு ‘பொறுத்துப் போ’, ‘தலையெழுத்து என்று விட்டுவிடு’ என்ற நிழல் எப்போதும் உண்டு. குறிப்பாகப் பெண்களிடம் அந்தச் சொல் அந்தப் பொருளில்தான் பெரும்பாலும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆக்ட் கேட்கும் ஏற்பு அது அன்று. நெஞ்சுக்குள் எழும் படபடப்பு, தொண்டையில் வந்து நிற்கும் துக்கம், வேண்டாமலே வரும் ஓர் எண்ணம், ஒரு நினைவு ஆகிய உள்ளனுபவங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அடிக்கும் கணவன், கொடுக்கப்படாத சம்பளம், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் மேலாளர் ஆகிய வெளிச்சூழல்கள் மாற்றப்பட வேண்டியவை. அவற்றை மாற்றும்போது கூடவே வரும் பயத்துக்குத்தான் இடம் கொடுக்கச் சொல்கிறது இச்சிகிச்சை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் யாரேனும் ஆலோசனை கூறினால், அவர் ஆக்ட் முறையைத் தவறாகச் சொல்லித்தருகிறார் என்றே நான் கருதுவேன்.

தொடங்குவதற்கு முன்

படபடப்பு, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், தூக்கமின்மை ஆகியவை மனப் பதற்றத்தால் மட்டும் வருபவை அல்ல. தைராய்டு கோளாறு, இரத்தசோகை, இதயத்துடிப்பு ஒழுங்கின்மை ஆகியவற்றாலும் இவை வரக்கூடும் என்பதால், ஒருமுறையாவது மருத்துவரைப் பார்த்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், இந்தப் பயிற்சிகளை நம்பி அதை நிறுத்தக் கூடாது. இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம்.

தற்கொலை எண்ணம், மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, அண்மையில் நேர்ந்த பெரும் வன்முறையின் பாதிப்பு, படுக்கையை விட்டு எழவே முடியாத மனச்சோர்வு, குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கம் ஆகிய நிலைகளில் கீழே உள்ள படிகளைத் தனியாகச் செய்து பார்ப்பது போதாது. அத்தகைய நிலையில் நேராக மருத்துவ உதவியை நாட வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

படிகளை விளக்குவதற்காக ஒரு கற்பனை மனிதரை நம்மோடு வைத்துக்கொள்வோம். வங்கியில் காசாளராக வேலை பார்க்கும், முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண். எட்டு மாதங்களுக்கு முன், நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு, கைகள் மரத்து, இதோ செத்துவிடப்போகிறோம் என்று தோன்றியது. இசிஜி முதல் எல்லாப் பரிசோதனைகளிலும் குறை ஏதுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பேருந்தில் ஏறவில்லை.

முதல் படி: போராட்டத்தின் கணக்கை எழுதிப் பார்ப்பது

ஒரு நோட்டில் நான்கு பத்திகளாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பயத்தை அல்லது துக்கத்தைத் தவிர்ப்பதற்கு இதுவரை செய்தவை அனைத்தையும் முதல் பத்தியிலும், அதனால் அந்த நேரத்தில் கிடைத்த நிம்மதியை இரண்டாவதிலும், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பயம் குறைந்ததா கூடியதா என்பதை மூன்றாவதிலும், அதற்காகக் கொடுத்த விலையை நான்காவதிலும் எழுத வேண்டும்.

நம் காசாளரின் நோட்டு இப்படி இருக்கும். பேருந்துக்குப் பதில் ஆட்டோ: உடனே நிம்மதி, பேருந்துப் பயம் கூடியிருக்கிறது, சம்பளத்தில் ஒரு பகுதி ஆட்டோவுக்கே போகிறது. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டிலும் ஒரு மாத்திரையும்: கொஞ்சம் தைரியம், இப்போது அவையின்றி வாசலைத் தாண்ட முடிவதில்லை. போகும் வழியெல்லாம் தங்கையோடு கைப்பேசியில் பேசிக்கொண்டே போவது: அப்போதைக்குச் சரி, தங்கை எடுக்காத நாளில் பயம் இரட்டிப்பு. ஞாயிறுதோறும் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்ப்பதை நிறுத்தியது: பெரிய நிம்மதி, விலை, அம்மா.

இந்தக் கணக்கை எழுதும்போது மனம் கசக்கும். கசப்பதற்காகவே இது முதலில் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது பத்தியில் எல்லாமே வரவாகவும், மூன்றாவதிலும் நான்காவதிலும் எல்லாமே செலவாகவும் இருப்பதைக் கண்ணால் பார்க்கும்போது, ‘நான் போதுமான அளவு முயலவில்லை’ என்ற குற்றவுணர்வு விலகி, முயற்சியின் திசைதான் பிழை என்பது புலப்படும். இதைத் தவிர்த்துவிட்டு நேராக மூச்சுப்பயிற்சிக்குத் தாவுகிறவர்கள், மூச்சுப்பயிற்சியையும் முதல் பத்தியில் இன்னொரு வரியாகச் சேர்த்துக்கொள்வதோடு முடித்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: இருக்கும் இடத்துக்குத் திரும்புவது

பயம் வரும்போது மனம் எதிர்காலத்திலும், துக்கம் வரும்போது இறந்த காலத்திலும் போய் நின்றுவிடுகிறது. கால்களைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். தோள்களைத் தளர்த்தி, மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பெயர் வையுங்கள்: ‘நெஞ்சில் இறுக்கம் வந்திருக்கிறது’, ‘கவலை வந்திருக்கிறது’. பிறகு கவனத்தை வெளியே விரியுங்கள்: கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்கள், காதில் விழும் மூன்று ஒலிகள், கையில் படும் ஏதோ ஒன்றின் வெப்பம் அல்லது குளிர்ச்சி. அடுத்து, அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலைக்கே கவனத்தைக் கொண்டுவாருங்கள்.

மொத்தம் ஒரு நிமிடம் ஆகும். பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்வது, வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்வது போன்றது. பல் துலக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, தேநீர் குடிக்கும்போது என்று நாளுக்கு நாலைந்து முறை பழக வேண்டும். பயத்தை விரட்டும் உத்தியாக இதைப் பயன்படுத்தத் தொடங்கினால், ‘இன்னும் போகவில்லையே’ என்ற புதிய கவலை சேர்ந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புயல் நிற்கும்வரை நங்கூரம் படகைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, புயலை நிறுத்தாது.

மூன்றாம் படி: எண்ணத்தை எண்ணமாகப் பார்ப்பது

ஆக்ட் முறையின் தனித்தன்மை மிகுதியாகத் தெரியும் இடம் இது. அதனால் சற்று நின்று பார்ப்போம். இச்சிகிச்சைக்கு அடித்தளமாக, மொழி மனித மனத்தில் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய ஒரு கோட்பாடு இருக்கிறது. பேருந்தில் பயந்த ஒரு நாய் பேருந்தையோ அதைப் போன்ற ஒன்றையோ கண்டால் நடுங்கும். மனிதரோ ‘பேருந்து’ என்ற சொல்லுக்கே நடுங்குவார். பிறகு பயணச்சீட்டு, நடத்துநரின் விசில், மேம்பாலம், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிலிருந்து சொல்லுக்குப் பயம் பரவும். இப்படி ஏற்பட்ட இணைப்புகளைக் கழித்துவிட முடியாது. புதியவற்றைக் கூட்ட மட்டுமே முடியும். ஆகவே, ‘இந்த எண்ணம் உண்மையா பொய்யா’ என்று வழக்காடிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, எண்ணத்துக்கும் நமக்கும் இடையிலான உறவை மாற்றும்படி ஆக்ட் சொல்கிறது.

எளிய பயிற்சி இது. ‘நான் மயங்கி விழுந்துவிடுவேன்’ என்ற வாக்கியத்தைப் பத்து விநாடிகள் மனத்தில் வைத்திருங்கள். பிறகு, ‘நான் மயங்கி விழுந்துவிடுவேன் என்ற எண்ணம் எனக்கு வருகிறது’ என்று மாற்றுங்கள். அதன் பிறகு, ‘நான் மயங்கி விழுந்துவிடுவேன் என்ற எண்ணம் எனக்கு வருவதைக் கவனிக்கிறேன்’ என்று இன்னும் ஒரு படி பின்னால் தள்ளி நில்லுங்கள். சொற்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றிலிருந்து உங்களுக்குள்ள தொலைவு கூடியிருக்கிறது.

தமிழில் இது ஆங்கிலத்தைவிட எளிது என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் பயத்தைச் சொல்லும்போது பயமும் ‘நான்’ என்பதும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நாமோ ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘எனக்கு அழுகை வருகிறது’ என்று நான்காம் வேற்றுமை போட்டு, உணர்வை வாசல் வழியே வந்த விருந்தாளி போலப் பேசுகிறோம். ஆனால் நம்மை நாமே பழிக்கும்போது இந்த இலக்கணம் கைவிட்டுவிடுகிறது. ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவள்’, ‘நான் ஒரு பாரம்’ என்று எழுவாயும் பயனிலையும் இறுகக் கட்டிக்கொள்கின்றன. ‘என்று’ என்ற இணைப்புச்சொல் மிகவும் தேவைப்படும் இடம் அதுதான்: ‘நான் ஒரு பாரம் என்று மனம் சொல்கிறது’.

இன்னொரு பயிற்சி நூறாண்டு பழமையானது. ஒரு சொல்லை விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் பொருள் உதிர்ந்து ஒலி மட்டும் மிஞ்சும் என்பதை எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கியிருந்தார்; ஆக்ட் சிகிச்சையாளர்கள் அதை ‘பால்’ என்ற சொல்லைக் கொண்டு செய்துகாட்டுகிறார்கள். நமக்கு ‘புளி’ பொருத்தமாக இருக்கும். ஒருமுறை சொல்லுங்கள்: நாக்கில் நீர் ஊறும். இப்போது வேகமாக, சத்தமாக, முப்பது விநாடிகள் ‘புளி புளி புளி’ என்று சொல்லிக்கொண்டே இருங்கள். புளிப்பு போய், உதடு ஒட்டிப் பிரியும் ஒலி மட்டும் நிற்கும். அதே போல் உங்களைக் குத்தும் ஒரு சொல்லை, ‘கோழை’யோ ‘தோல்வி’யோ, எடுத்துச் செய்து பாருங்கள். பெரும் இழப்பை அனுபவித்தவரின் துக்கத்தின் மீதோ, வன்கொடுமையின் நினைவின் மீதோ இதைச் செய்யக் கூடாது, அது கேலியாகிவிடும்.

நான்காம் படி: உணர்வுக்கு இடம் விடுவது

திருமண வீட்டில் பிடிக்காத உறவினர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி உள்ளே வராமலிருக்க நாள் முழுதும் மண்டப வாசலில் காவல் நிற்கலாம். அப்போது தாலி கட்டுவதையும் பார்க்க முடியாது, பந்தியிலும் உட்கார முடியாது. இல்லையெனில் ‘வாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கல்யாண வேலையைப் பார்க்கலாம். அவரை வரவேற்பதால் அவர் பிடித்தமானவராகிவிடப்போவதில்லை. நமக்கு மண்டபம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவே.

இப்போது பயிற்சி. கண்ணை மூடி, தலை முதல் பாதம் வரை உடலைக் கவனித்து, சங்கடம் மிகக் கூடுதலாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கனமா, இலேசா? சூடா, குளிர்ச்சியா? அசைகிறதா, உறைந்திருக்கிறதா? அதன் நடுவுக்குள்ளும் சுற்றிலும் மூச்சைச் செலுத்துவது போல் மெதுவாகச் சுவாசித்து, அதற்கு அங்கே இருக்க இடம் கொடுங்கள். குறைக்க முயல வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். சில வேளை அது தானாகத் தணியும், சில வேளை கூடும். இரண்டில் எது நடந்தாலும் பயிற்சி நடந்ததாகவே பொருள். மூன்று நிமிடங்கள் போதும். தாங்க முடியவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பி, கால்களை ஊன்றிக்கொள்ளுங்கள்.

நேர்மையாகச் சொல்வதானால், பலர் இங்கே ஒரு திருட்டு ஒப்பந்தம் செய்கிறார்கள்: ‘உனக்கு இடம் கொடுக்கிறேன், ஆனால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட வேண்டும்’. பயம் அந்த நிபந்தனையைக் கண்டுபிடித்துவிடும்.

ஐந்தாம் படி: கவனிப்பவராக நிற்பது

சொல்லிப் புரியவைக்கக் கடினமான படி. சதுரங்கத்தில் கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும் போரிடுகின்றன; நல்ல எண்ணங்களும் தீய எண்ணங்களும் அவை. வெள்ளை வெல்ல வேண்டும் என்று நாம் ஆயுள் முழுவதும் ஆடுகிறோம். பலகையின் நிலையிலிருந்து பார்த்தால், எல்லாக் காய்களும் அதன் மீதுதான் நிற்கின்றன. எது வென்றாலும் பலகைக்குக் கீறல் இல்லை.

‘சாட்சி’ என்ற நம் மரபுச் சொல் இங்கே பலருக்கு நினைவு வரும். ஒற்றுமை இருக்கிறது, ஆனால் ஆன்மா பற்றிய எந்தக் கூற்றையும் ஆக்ட் முன்வைப்பதில்லை. நான்–நீ, இங்கே–அங்கே, இப்போது–அப்போது என்று இடம் மாறிப் பார்க்க மொழி நமக்குக் கற்றுக்கொடுத்த திறனாகவே அது இதைக் காண்கிறது. எனவே பயிற்சியும் எளிது: பத்து வயதில் பள்ளி வாசலில் பயந்து நின்ற உங்களை நினைத்துப் பாருங்கள். உடல், எண்ணம், வீடு எல்லாம் மாறிவிட்டன. அன்று அதைப் பார்த்தவரும் இன்று நினைப்பவரும் ஒருவரே. அந்தக் குழந்தைக்கு இன்றைய நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை நாலு வரி எழுதுங்கள்.

ஆறாம் படி: எதற்காக என்று கேட்பது

இதுவரை சொன்னவை எல்லாம் எதற்காக? வெறுமனே வலியைத் தாங்குவதில் எந்தப் பெருமையும் இல்லை. காசாளர் பேருந்துக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டுமென்றால், அதற்குத் தகுந்த ஒன்று மறுமுனையில் இருந்தாக வேண்டும். அதைத்தான் ஆக்ட் ‘விழுமியம்’ என்கிறது.

குறிக்கோள் அடைந்ததும் முடிந்துவிடும், விழுமியம் முடியாது. மகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பது குறிக்கோள். அவளோடு அன்பும் பொறுமையுமாக இருப்பது விழுமியம். முன்னதைச் செய்து முடித்துவிட்டோம் என்று பட்டியலில் அடித்துவிடலாம். பின்னதை இன்று மாலை நாலு மணிக்கும் செய்யலாம், எழுபது வயதிலும் செய்யலாம்.

‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் பெரும்பாலோர், “பயப்படாமல் இருக்க வேண்டும், அழாமல் இருக்க வேண்டும், கோபம் வராமல் இருக்க வேண்டும்” என்கிறார்கள். ஒரு பிணத்தால் நம்மைவிடச் சிறப்பாகச் செய்ய முடிந்த எதுவும் குறிக்கோளாகாது என்று இத்துறையில் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்வார்கள். நடத்தையியலாளர் ஆக்டன் லிண்ட்ஸ்லி 1960களில் முன்வைத்த ‘இறந்த மனிதன் சோதனை’யிலிருந்து வந்த வழக்கு அது. பிணம் பயப்படாது, அழாது, கோபப்படாது. ஆகவே கேள்வியைத் திருப்புங்கள்: பயம் இல்லாமல் இருந்தால் என்ன செய்வீர்கள்? எங்கே போவீர்கள்? யாரோடு எப்படி இருப்பீர்கள்?

நம் சூழலில் இந்தப் படியில் ஒரு சிக்கல் உண்டு. எழுதச் சொன்னால் அப்பாவின் விருப்பம், மாமியாரின் எதிர்பார்ப்பு, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ ஆகியவையே கைக்கு முதலில் வரும். குடும்பத்தை விழுமியமாகக் கொள்வதில் தவறில்லை. தனிமனித விருப்பம்தான் உயர்ந்தது என்று இச்சிகிச்சை சொல்வதுமில்லை. சோதனை வேறு: யாருக்குமே தெரியப்போவதில்லை, யாரும் பாராட்டப்போவதில்லை, திட்டப்போவதுமில்லை என்றால் அப்போதும் இதைச் செய்வீர்களா? காசாளர் தன் பட்டியலில் எழுதிய ஏழில் நான்கை அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியதில் முதலாவது: ‘அம்மாவுக்கு அருகில் இருக்கும் மகளாக வாழ்வது’.

ஏழாம் படி: சிறிய அடிகளாகச் செயலில் இறங்குவது

விழுமியம் கிடைத்ததும், அதை நோக்கிய மிகச் சிறிய செயலைத் தேர்ந்தெடுங்கள். என்ன, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்று எழுதும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். காசாளரின் திட்டம் இப்படிப் போகலாம்: முதல் வாரம், நெரிசல் இல்லாத பதினோரு மணிப் பேருந்தில் இரண்டு நிறுத்தம், மூன்று நாள். இரண்டாவது வாரம், அதே பேருந்தில் ஆறு நிறுத்தம், தங்கையை அழைக்காமல். மூன்றாவது வாரம், மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் வீட்டில் இருக்கட்டும். மருத்துவர் அன்றாடம் சாப்பிடச் சொன்ன மாத்திரை இதில் சேராது. நான்காவது வாரம், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு.

பயப்படுவதை நேருக்கு நேர் சந்திக்கும் பயிற்சி மற்ற நடத்தைச் சிகிச்சைகளிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் பயத்துக்கு மதிப்பெண் போட்டு, அது எண்பதிலிருந்து முப்பதுக்கு இறங்குவதைக் காத்திருந்து பார்ப்பார்கள். ஆக்ட் முறையில் நோட்டில் குறிப்பது வேறு: வருகிற எதற்கும் இடம் கொடுக்க நான் எவ்வளவு தயாராக இருந்தேன்? போகும் இடம் நான் தேர்ந்தெடுத்த இடந்தானா? பயம் எண்பதிலேயே நின்றாலும், அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தால் அந்தப் பயணம் வெற்றிதான்.

ஐந்தாவது வாரம் ஏதேனும் ஒரு நாள், பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடிக்க நேரும். அது எல்லாருக்கும் நேரும். அன்றிரவு ‘எல்லாம் வீண்’ என்று மனம் சொல்லும். அதுவும் மூன்றாம் படிக்குரிய எண்ணமே. அடுத்த நாள் நிறுத்தங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மறுபடி ஏறலாம். திசையை மாற்ற வேண்டியதில்லை.

இது எந்த அளவுக்குப் பலன் தருகிறது?

மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டிய பகுதி இது. 2015ஆம் ஆண்டில் வெளியான, 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, சிகிச்சையின்றிக் காத்திருப்பவர்களைவிடவும் வழக்கமான கவனிப்புப் பெறுபவர்களைவிடவும் ஆக்ட் பெற்றவர்கள் மேம்பட்டதையும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், ஏற்கெனவே நிலைபெற்ற அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாததையும் கண்டது. அதாவது, இது பழையதை வென்ற புதிய அற்புதம் அன்று. சம தகுதியுள்ள இன்னொரு வழி. ஆய்வுகளின் தரம் போதாது என்று சுவீடனின் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 2008இலும் 2014இலும் கடுமையாக விமர்சித்திருக்கிறார். அந்த விவாதம் துறைக்கு நன்மையே செய்தது. நாட்பட்ட வலியிலும் இது பயன்படுகிறது: காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட வலிக்கு ஆக்ட் முறையைப் பரிசீலிக்கலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது.

எனக்கு மிகவும் சுவையாகப்பட்டது 2002ஆம் ஆண்டு ஆய்வொன்று. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த, குரல் கேட்டல் முதலான தீவிர அறிகுறிகளுள்ள 80 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு நான்கு அமர்வுகள் மட்டும் ஆக்ட் கொடுக்கப்பட்டது. அடுத்த நான்கு மாதங்களில் அவர்கள் மருத்துவமனைக்குத் திரும்பிய விகிதம் மற்றவர்களுடையதில் பாதியாக இருந்தது. வியப்பு என்னவென்றால், ‘குரல் கேட்கிறது’ என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆக்ட் பெற்ற குழுவில்தான் அதிகம். குரல் ஓயவில்லை, அது சொல்வதை நம்புவது குறைந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனம், ஆக்ட் முறையை அடிப்படையாகக் கொண்டு, பதிவுசெய்த ஒலி அமர்வுகளும் படங்கள் நிறைந்த ஒரு கையேடும் சேர்ந்த ஒரு திட்டத்தை உருவாக்கியது. உகாண்டாவின் ரைனோ முகாமில் வாழ்ந்த தென்சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்து. நடத்தியவர்கள் உளவியல் வல்லுநர்கள் அல்லர், குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். மனவேதனை குறைந்தது, மூன்று மாதம் கழித்து அந்தப் பலன் சற்றுச் சுருங்கினாலும் நிலைத்திருந்தது. அந்தப் பெண்கள் இழந்தவற்றை எந்தச் சிகிச்சையும் திருப்பித் தராது என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேடும்போது

இந்தப் படிகளை ஆறு வாரம் செய்தும் வேலை, உறக்கம், உணவு ஆகியவற்றில் எதுவும் சீராகவில்லை என்றால் ஒருவரை நாடுங்கள். இந்தியாவில் மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையோ பார்ப்பது பாதுகாப்பானது. ‘கவுன்சலர்’ என்ற பலகையை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஆக்ட் முறையில் பயிற்சி பெற்றிருக்கிறாரா, எத்தனை அமர்வுகள் ஆகலாம், வீட்டில் செய்வதற்குப் பயிற்சிகள் கொடுப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள். ‘உங்கள் பயத்தை அடியோடு போக்கிவிடுகிறேன்’ என்று அவர் உறுதி சொன்னால், அவர் தரப்போவது வேறேதோ ஒன்று. முதல் சந்திப்புக்குப் போகும்போது, முதல் படியில் எழுதிய நான்கு பத்தி நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரை மணி நேர விசாரணை மிச்சமாகும்.